பாலே பிள்ளைக்கு ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்

"வளர்ற பிள்ளைதானே டீச்சர், ஒரு சைஸ் பெருசா எடுத்துட்டேன். அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்."

மூன்று வருடத்துக்கு முன்னால், என் செந்தூல் பாலே வகுப்பில் ஓர் அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். பள்ளிக்கூடச் சப்பாத்தை நாமெல்லாம் அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் பையிலிருந்து வந்தது பாயின்ட் ஷூ, அதாவது விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான ஷூ. பிள்ளைக்கு வயது ஒன்பது, பாலேவில் சேர்ந்து ஒன்றரை வருடம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்றதால் காரணத்தைப் பொறுமையாகச் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாயின்ட் ஷூவின் முனையில் மரமும் இல்லை, இரும்பும் இல்லை. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்திருப்பார்கள். அது விரல்களைச் சுற்றிலும் கவ்விப் பிடித்தால்தான் உடம்பின் எடை நுனியில் மட்டும் விழாமல் இருக்கும். ஒரு சைஸ் பெரிதானால் பாதம் உள்ளே சறுக்கி இறங்கும், பெருவிரல் நகம் நேராகப் போய் இடிக்கும். அதோடு ஒன்பது வயதில் பாத எலும்புகள் வளர்ந்து முடிந்திருக்காது. பெரும்பாலும் 11, 12 வயதில், சில வருடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்த பிறகுதான் இந்த ஷூவைப் போட ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். அப்போதும் வயதை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. பயிற்சியில் பிடித்துக்கொள்ளும் சுவரோரக் கம்பியைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி ஏறி இறங்கச் சொல்வேன். கணுக்கால் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். 1832இல் பாரிஸில் விரல் நுனியில் ஆடிப் புகழ்பெற்ற மரீ தாலியோனியின் காலில் இருந்தது, ஓரங்களில் நூலால் தைத்துக் கெட்டிப்படுத்திய மெல்லிய சாட்டின் செருப்புதான். அவரைத் தூக்கி நிறுத்தியது பாதத்தின் பலம்.

இன்னொரு தவறு நம் பிள்ளைகளிடம் கூடுதலாகவே உண்டு. பிரிக்பீல்ட்ஸில் பரதம், வாரக்கடைசியில் பாலே என்று இரண்டையும் கற்கிறவர்கள் பலர். பரதத்தில் முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் கால் திருப்பிப் பழகிய தைரியத்தில், பாலேவில் இரண்டு பாதங்களையும் ஒரே கோடாக விரித்து நின்றுவிடுவார்கள். முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் திருப்பி வைத்து, அப்புறம் முட்டியை நிமிர்த்துவது. அந்த நிமிடம் முட்டி முறுக்கிக்கொள்கிறது. கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. இடுப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு போதும். முட்டியை மடக்கும்போது அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தால் பாதத்தைத் திருப்பி விரிப்பதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

அதற்காக, இரண்டையும் கற்றால் இரண்டும் கெடும் என்று ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். சிட்னி நடனக் குழுவில் ஆடிய ரம்லி இப்ராஹிம், அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்று, 1983இல் நம் கோலாலம்பூரில் சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மணி தேவியும் பாலே படித்தவர்தான். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாலே மேதை அன்னா பாவ்லோவா.

சாப்பாட்டு விஷயம் எனக்கு மனசை அறுக்கும். கல்யாண வீட்டில் ஒரு அத்தை, "டான்ஸ் ஆடுற பொண்ணு, தொப்பை தெரியுதே" என்பார். மறுநாளிலிருந்து பிள்ளை சோற்றை ஒதுக்கும். ஆடுகிற உடம்புக்குத் தேவையான அளவு சாப்பாடு போகாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும், எலும்பு பலமிழக்கும். மூன்று மாதம் வராமல் இருந்தால் 'டான்ஸ் ஆடினால் அப்படித்தான்' என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சோறோ தோசையோ, முடிந்ததும் ஒரு முட்டையும் ஒரு கப் மைலோவும் கொடுங்கள்.

வலியை மறைப்பதைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். எனக்கு 17 வயது, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது. பாதத்தின் மேல்புறம் ஒரே இடத்தில், விரலால் தொட்டால் சுரீர் என்றது. யாரிடமும் சொல்லவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல். நிகழ்ச்சியும் போனது, அதற்குப் பிறகு ஒன்பது வாரமும் போனது. தொடை முழுக்க மந்தமாக வலித்தால் அது உழைத்த வலி, இரண்டு நாளில் போய்விடும். ஒரு புள்ளியில் குத்தினால், ராத்திரியிலும் வலித்தால், அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒரு மணி நேரம் ஏர்கோன் காரில் உறைந்து உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் காலை இரண்டு பக்கமும் நீட்டி உட்காரக் கூடாது. பத்து நிமிடம் நடந்து, குதித்து உடம்பைச் சூடாக்க வேண்டும். வியர்வையில் நனைந்த பாயின்ட் ஷூவை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்தில் பசை இளகிவிடும். காற்றாடிக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

பெற்றோர் அடிக்கடி கேட்பது: "எப்போ டீச்சர் முடியும்?" பரதத்தில் அரங்கேற்றம் என்று ஒரு நாள் இருப்பதால் வருகிற கேள்வி. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் கிரேடு தேர்வுகளின் சான்றிதழ்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பிள்ளையை ஒரு கிரேடு தாண்டி அடுத்ததற்கு அவசரப்படுத்துவதும் இதனால்தான். ரஷ்யாவின் வாகனோவா பள்ளியில் பத்து வயதுப் பிள்ளையை எடுத்து எட்டு வருடம் பழக்குகிறார்கள். பாரிஸ் ஓபரா பாலேயில் 42 வயதில் ஓய்வு. அதுவரைக்கும், முதன்மை நடனக் கலைஞரே ஆனாலும், காலையில் வந்து கம்பியைப் பிடித்து, முதல் நாள் கற்ற அதே முட்டி மடக்குதலில்தான் தொடங்குவார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது 12 வயது. போன வாரம் ஒற்றைக் காலில் எட்டு முறை ஏறி இறங்கினாள். வலது கால் அசையவில்லை. இடது கணுக்கால் ஆறாவது முறையில் லேசாக வெளியே சாய்ந்தது. "அடுத்த மாசம் பார்ப்போமாம்மா?" என்றேன்.

"சரி டீச்சர்" என்று கம்பிக்குத் திரும்பிப் போய், இடது காலை மட்டும் மறுபடி தொடங்கினாள்.