கண்டிக்கு ஜோடியா போறீங்களா, ஒரு ராத்திரியாவது தங்குங்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து ஆளுங்களுக்கு கண்டின்னா ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, அவ்வளவுதான், காலையில பஸ் ஏறி வேலைய முடிச்சுட்டு இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேந்துடுவோம். 1815 வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல ஒரு ராஜ்யத்தோட தலைநகரா இருந்த ஊரு அது, கடைசியா ஆண்ட நாலு ராஜாவும் மதுரைப் பக்கம் இருந்து வந்த நாயக்கர் வம்சம், அத நாம நின்னு பாக்காம யாரு பாக்கிறது? அதனால கல்யாணமாகி புதுசோ பத்து வருஷமோ, ரெண்டு பேரும் ஒரு ராத்திரி தங்குற மாதிரி பிளான் பண்ணுங்க.

மொதல்ல எந்த நாள் போறதுன்னு பாப்போம். பொயா நாளும் (பௌர்ணமி லீவு) நீண்ட லீவும் வேணாம், புத்தரோட பல்ல வச்சிருக்கிற தலதா மாளிகையில கூட்டம் தாங்காது. ஜூலை, ஆகஸ்ட்ல பெரஹரா ஊர்வலம் வரும், அத பாக்கணும்னா அது தனி பயணம், ரூம் ரொம்ப முன்னாடியே பிடிக்கணும், வாடகையும் ஏறியிருக்கும். சாதாரண வார நாள்தான் சுகம். ஊரு நடுவுல இருக்கிற வாவிக்கு (ஏரிக்கு) மேல மலையில நல்ல ரூம் இருக்கு, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி வாசல் வரைக்கும் ஆட்டோ வருமான்னு கேட்டுக்கோங்க, சில இடத்துக்கு படி ஏறியே கால் போயிடும். ரெண்டு பேரோட ஐடியும் கையில இருக்கட்டும். நுவரெலியாவில இருந்து போறவங்களுக்கு கண்டி சூடுதான், ஒரு குடை போதும், பேக் ஒண்ணுக்கு மேல வேணாம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மத்தியானம் போய் சேந்து சாப்பிட்டு வெயில் தணிஞ்சதும் வாவிய ஒரு சுத்து நடங்க. மூணு கிலோமீட்டருக்கு மேல வரும், மெதுவா நடந்தா ஒரு மணித்தியாலம். வயலா இருந்த இடத்துக்கு அணை கட்டி இத குளமாக்குனது கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமிங்கிறதுதான் அவரோட சொந்தப் பேரு. மேகம் மாதிரி வளைஞ்சு போற அந்த வெள்ளைச் சுவரும் மாளிகைக்கு முன்னாடி இருக்கிற எண்கோண மண்டபமும் அவர் காலத்துதான், வாவிக்கு நடுவுல ஒரு குட்டித் தீவும் இருக்கு.

சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடியே மாளிகை வாசல்ல நில்லுங்க. பூஜை ஆறரைக்கு, அப்பத்தான் மேல் மாடியில சன்னதி கதவு திறப்பாங்க, அந்தப் புனிதப் பல்லு வெளிய தெரியாது, அது இருக்கிற தங்கப் பேழையத்தான் பாக்கலாம். தோளும் முழங்காலும் மூடுற உடுப்பு கட்டாயம், வெள்ளையா இருந்தா ரொம்ப நல்லது, செருப்ப வெளிய விட்டுடணும், தொப்பியும் கூடாது. நம்ம நாட்டு ஆளுங்களுக்கு டிக்கெட் இல்ல. வாசல்ல தாமரையோ நீல அல்லியோ ஒரு தட்டு வாங்கிக்கோங்க, அந்த மேள சத்தத்துல கூட்டத்தோட சேந்து படி ஏறுறது மனசுக்கு என்னமோ செய்யும், எந்த மதமா இருந்தாலும். விடிகாலையிலயும் ஒம்பதரைக்கும் கூட பூஜை இருக்கு, ஆனா எனக்கு சாயங்காலம்தான்.

அடுத்த நாள் காலையில மறுபடியும் மாளிகை வளாகத்துக்கே வாங்க, இந்த தடவை சரித்திரம் பாக்க. மரத்தூண்ல செதுக்குன மகுல் மடுவ மண்டபத்துலதான் 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிய வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்தாங்க, ராஜாவ அதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்க, அப்புறம் வேலூருக்கு அனுப்பி அங்கயே 1832ல செத்துப் போனார். அந்த மண்டபத்துல அவசரப்படாம கொஞ்ச நேரம் நில்லுங்க. பக்கத்துலயே நாத தேவாலயம், பத்தினி தேவாலயம், பத்தினி நம்ம கண்ணகிதான், சிங்கள ஜனங்க எவ்வளவு பக்தியா கும்பிடுறாங்கன்னு பாருங்க. மாளிகைக்குப் பின்னாடி உடவத்தக்கலை காடு, பழைய ராஜ வனம், மழை பெஞ்சிருந்தா அட்டை கடிக்கும், அது நமக்கு புதுசா என்ன! கட்டுக்கலை பிள்ளையாரையும் ஒரு எட்டு கும்பிட்டுட்டு வரலாம்.

பேராதனை தாவரவியல் பூங்காவ கடைசிக்கு வைங்க, கம்பளை வழியா ஊருக்கு திரும்புறவங்களுக்கு அது போற ரோட்டுலயே வருது, அதுக்குத்தான் ஒரே பேக்னு சொன்னது. 147 ஏக்கர், மூணு பக்கமும் மகாவலி, எல்லாத்தையும் பாக்க நினைச்சா சண்டைதான் வரும், பனை வரிசை, புல்வெளியில கிளை விரிச்சு நிக்கிற அந்த பெரிய அத்தி மரம், ஓர்க்கிட் வீடு, 1901ல இங்கிலாந்து இளவரசரா வந்த ஐந்தாம் ஜார்ஜ் நட்ட நாகலிங்க மரம், இது போதும். பள்ளிக்கூடம் விடுற ஒன்றரை மணிக்கு கண்டி ரோடு நகராது, அதுக்கு முன்னாடியே டவுன விட்டு கிளம்பிடுங்க. பூங்காவுல இருந்தும் மூணு, மூணரைக்கெல்லாம் வெளிய வந்து பஸ் ஏறுனா நல்லது, மழை மாசத்துல ரம்பொடை, கினிகத்தேனை பக்கம் பனி இறங்கிடும், மண்சரிவு பயமும் இருக்கு.