பென்னி என்றதும் 'பி' போடாதீர்கள்: குறுக்கெழுத்தில் சில்லறை செய்யும் வேலை

தி இந்து மாதிரி ஆங்கில நாளிதழ்களில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தை, அதாவது நேர்ப் பொருளோடு ஒரு சொல் விளையாட்டையும் க்ளூவில் (குறிப்பில்) ஒளித்துவைக்கும் குறுக்கெழுத்தைப் போட ஆரம்பிக்கிறவர்கள் சில்லறைக் காசு வரும் க்ளூக்களில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பென்னி என்று பார்த்ததும் கை தானாக 'பி' (P) எழுதிவிடும், அங்கேதான் வம்பு. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15-ல் வந்த புதுக் காசுக்குத்தான் 'பி'. அதற்கு முன்னால் பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக மொத்தம் 240. அந்தப் பழைய பென்னிக்குச் சுருக்கம் 'டி' (d), ரோமானியர்களின் தினாரியஸ் (denarius) நாணயத்தின் முதலெழுத்து.

'ஏல்' (ale) என்ற பியரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் புதுப் பென்னி வந்தால் 'பேல்', அதாவது வெளிறியது. பழைய பென்னி வந்தால் 'டேல்', பள்ளத்தாக்கு. ஷில்லிங்கின் 'எஸ்' வந்தால் 'சேல்', விற்பனை. ஓரெழுத்து தப்பினால் குறுக்கே வருகிற விடையும் சேர்ந்து போச்சு. அதனால் 'பழைய', 'ஒரு காலத்தில்' என்ற பொருளில் ஏதாவது சொல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் சொல்லாமலே 'டி'யை வைக்கிறவர்களும் உண்டு, ஆகவே க்ளூவின் முதலிலோ கடைசியிலோ இருக்கும் நேர்ப் பொருளோடு ஒத்துப்பார்க்காமல் பேனாவை எடுக்க வேண்டாம்.

அடுத்தது 'சேஞ்ச்'. இதைச் சில்லறை என்றே படித்துக்கொண்டு நாணயங்களின் பெயரைத் தேடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தவறு, ஏனென்றால் பெரும்பாலும் அது எழுத்துகளைக் கலைத்துப் போடு என்ற கட்டளைதான். 'ரூபீ (rupee) சேஞ்ச்' என்று வந்து, பக்கத்தில் அரைத்த காய்கறி என்று பொருள் இருந்தால், ரூபாயின் ஐந்து எழுத்துகளையும் கலைத்துப் பாருங்கள், தக்காளி ப்யூரே என்கிறோமே, அந்தப் 'ப்யூரே' (puree) வரும். 'சென்ட்ஸ்' (cents) நாணயங்களைக் கலைத்தால் வாசனை 'சென்ட்' (scent) கிடைக்கும். கூடவே 'ஸ்மால்' வந்தால் அதைத் தனியாகப் பிரித்து 'எஸ்' ஆக்க முடியுமா என்றும் பார்க்கணும்.

'பென்னிலெஸ்' வந்தால் ஏழையைத் தேடாதீர்கள். பக்கத்துச் சொல்லில் இருக்கும் 'பி'யைக் கழற்றச் சொல்கிறார்கள். 'ப்ரைஸ்' (price) கையில் காசில்லாமல் நின்றால் 'ரைஸ்' (rice). எனக்கு மிகவும் பிடித்த வகை இது, விலையும் சோறும் ஒரே வரியில் இயல்பாகச் சேர்ந்துவிடுகின்றன.

'காப்பர்' என்றால் பென்னி மட்டும் என்று உறுதியாக இருந்துவிடவும் கூடாது. செம்பின் வேதியியல் குறியீடான 'சி', 'யு' இரண்டு எழுத்தாக இருக்கலாம், போலீஸ்காரரான 'காப்' ஆகவும் இருக்கலாம். 'நிக்கல்' அமெரிக்க 5 சென்ட், ஆனால் க்ளூவில் பெரும்பாலும் 'என்', 'ஐ'. 'குவார்ட்டர்' 25 சென்ட்டாக இருப்பதைவிட நான்கு திசைகளில் ஒன்றின் எழுத்தாக வருவதே அதிகம்.

நம்மூர்க் காசும் இதில் உண்டு. பழைய இந்தியப் பணம், நான்கெழுத்து என்றால் பைசாவைக் கட்டத்தில் திணிக்கப் பார்க்காதீர்கள், ஆங்கிலத்தில் பைசாவுக்கு (paisa) ஐந்தெழுத்து. 1957-ல் தசம நாணயம் வருவதற்கு முன் ரூபாய்க்கு 16 என்று இருந்த அணாதான் (anna) பெரும்பாலும் அங்கே வரும். மூன்றெழுத்து என்றால் பை (pie), அணாவில் 12-ல் ஒரு பங்கு. அதே பை தின்கிற பண்டமாகவும் வரும்.