பிஎச்.டி. செலவுக்கு ஜே.ஆர்.எஃப்.

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் முன்பே பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதி, ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கப் பாருங்கள். தமிழ், வரலாறு படித்தவர்களுக்கும் இது உண்டு. அறிவியல் பாடங்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தனித் தேர்வு. 2023 ஜனவரியிலிருந்து உதவித்தொகை மாதத்துக்கு 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. விடுதியில் இடம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு இருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ஒன்றை மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஆய்வைத் தொடர்கிறீர்கள் என்று கல்வி நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் உறுதிசெய்தால்தான் பணம் வரும். மாதம் பிறந்ததும் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். புத்தகம், கள ஆய்வுப் பயணத்துக்கு ஆண்டுதோறும் கண்டின்ஜென்சி (இதரச் செலவு) தொகையும் உண்டு. பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.