நாடக ஆசிரியர் புக்ஸ ரேக்குல அடுக்கறப்ப பண்ணவே கூடாத தப்புங்க

வருஷா வருஷம் லைப்ரரி சயின்ஸ் முடிச்சிட்டு பசங்க ட்ரெய்னிங்குக்கு வருவாங்க. நல்ல பசங்கதான், டியூவி வால்யூம (சப்ஜெக்ட் வாரியா புக்குக்கு நம்பர் குடுக்கற முறை அது) கையில குடுத்தா நம்பர் கண்டுபிடிச்சிடுவாங்க, ஆனா ஒரு நாடக ஆசிரியர் எழுதின புக்கும் அவரப் பத்தி மத்தவங்க எழுதின புக்கும் ஒரே கட்டா டேபிளுக்கு வந்துச்சுன்னா போன பேட்ச் எங்க சறுக்குச்சோ கரெக்டா அங்கயே இவங்களும் சறுக்கறாங்க. லேபிள் கோணலா ஒட்டறது, 894-அ 849-னு எழுதறது இதெல்லாம் ரெண்டு திட்டு வாங்கினா தானா சரியாயிடும், அத விட்டுடறேன்.

உதாரணத்துக்கு பம்மல் சம்பந்த முதலியார எடுத்துக்கலாம் (1873–1964). வக்கீலா இருந்து ஜட்ஜ் ஆனவர், 1891-ல சுகுண விலாச சபாங்கற நாடக சபாவ ஆரம்பிச்சவர், நாடகம் எழுதினார், நடிச்சார், ஷேக்ஸ்பியர தமிழுக்கு கொண்டு வந்தார், போதாக்குறைக்கு மேடை அனுபவத்த வேற தனியா எழுதி வச்சிருக்கார். ஒரே ஆளு நாலு நம்பருக்கு இழுப்பார், ட்ரெய்னிங்குக்கு இவர விட நல்ல கேஸ் கிடையாது.

நாடகம்னு பேர் இருந்தா 792-க்கு தள்ளறது

792 மேடைக்கு. நடிப்பு, செட், மேக்கப், சபா வரலாறு எல்லாம் அங்க. நாடகத்தோட டெக்ஸ்ட் இலக்கியம், தமிழ்னா 894.8112. "நடிக்கறதுக்குத்தானே மேடம் எழுதினாரு"ன்னு கேப்பாங்க. பாட்டு பாடறதுக்குத்தான் எழுதறாங்க, அதுக்காக கவிதை புக்க மியூசிக் ரேக்குலயா வைக்கறோம்?

இதுல நிஜமாவே குழப்பற புக் அவரோட 'நாடகமேடை நினைவுகள்'. எழுத்தாளர் தன் கதைய சொல்றார்னு பாத்தா 894, சபா, ஒத்திகை, கூட நடிச்சவங்கன்னு மேடையப் பத்தியே பேசறதால 792-ம் சரிதான். நான் 792-லதான் வைப்பேன். வேற லைப்ரரில 894-ல வச்சா சண்டைக்கு போக மாட்டேன், ஆனா பாகம் பாகமா வந்த புக் அது, ஒரு பாகம் இங்க இன்னொரு பாகம் அங்கன்னு இருந்தா கண்டிப்பா போவேன்.

அவரப் பத்தின புக்குக்கு ஆராய்ச்சி பண்ணவர் பேர்ல மார்க் போடறது

எத்தனை தடவ சொன்னாலும் திரும்ப திரும்ப நடக்கற தப்பு இது, எனக்கு இன்னும் எரிச்சல் வர்ற தப்பும் இதுதான்.

894.8112-னு சொன்னேனே, அது பம்மலுக்கு மட்டும் சொந்தமான நம்பர் இல்ல, சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் அதுக்குள்ளதான் இடம், நேத்து முதல் நாடகம் எழுதினவருக்கும் அங்கதான். காலத்துக்குன்னு ஒரு எண் சேத்தாலும் அந்த காலத்து ஆளுங்க எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பாங்க. அப்ப யார் புக் எங்க முடியுதுன்னு காட்டறது நம்பருக்கு கீழ ரெண்டாவது வரில இருக்கற ஆத்தர் மார்க்தான், "சம்"னு போடறோமே அது. இப்ப பம்மல் நாடகங்களப் பத்தி ஒரு ஆய்வு நூல் வருது, எழுதினவர் பேரு "ரா"ல ஆரம்பிக்குது. பையன் அட்டைய பாக்கறான், ஆசிரியர் இவர்தான், "ரா"ன்னு போட்டு ஒட்டிடறான். வேல முடிஞ்சுது. புக் நேரா போய் அந்த எழுத்துல இருக்கற வேற யாரோ நாடகங்களுக்கு நடுவுல உக்காந்துக்குது, பம்மல் ரேக்குல இருந்து ரெண்டு தட்டு தள்ளி.

டியூவில ரூல் தெளிவா இருக்கு: ஒரு எழுத்தாளரப் பத்தின விமர்சனம் அந்த எழுத்தாளரோட படைப்பு இருக்கற நம்பருக்கே போகணும். நம்பர் மட்டும் ஒண்ணா இருந்தா பத்தாது, மார்க்கும் "சம்"னுதான் இருக்கணும். ஆய்வாளரோட எழுத்து வேணும்னா மூணாவது வரில போடுங்க. அப்பதான் முதல்ல நாடகங்கள், அதத் தொட்டாப்ல அதப்பத்தின புக்ஸ்னு வரிசையா நிக்கும்.

சொல்ல காரணம் இருக்கு. ஒரு காலேஜ் லைப்ரரி, பேர் வேண்டாம். எம்ஃபில் பண்ற பொண்ணு ஒண்ணு பம்மல் பத்தி என்ன இருக்குன்னு கேட்டுச்சு, கவுண்டர்ல இருந்த புது ஆளு ரேக்க பாத்துட்டு "நாடகம்தான் இருக்கு, ஆராய்ச்சி புக் எதுவும் இல்ல"ன்னு அனுப்பிட்டார். அந்த பொண்ணு பஸ் ஏறி வேற ஊர் லைப்ரரிக்கு போய் ஒரு ஆய்வு நூல ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துச்சு. அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல அதே புக் அந்த லைப்ரரி ரேக்குலயே கிடைச்சுது, ஆய்வாளர் பேர் மார்க்கோட, டியூ ஸ்லிப்ல யாரும் எடுத்துட்டு போனதுக்கான ஒரு சீல் கூட இல்லாம. அதோட நிக்கல, தலைப்புல "வாழ்க்கை"ன்னு இருந்த ஒரே காரணத்துக்கு அவரோட வாழ்க்கை வரலாறு ஒண்ணு 928-ல இருந்துச்சு. எழுத்தாளர் வரலாறெல்லாம் 928-ல வைக்கலாம்னு டியூவியே ஒரு சாய்ஸ் குடுக்குது, தப்பில்ல, ஆனா அப்படின்னா எல்லா எழுத்தாளரும் அங்க போகணும், அந்த லைப்ரரில பாதி பேர் 928-லயும் பாதி பேர் 894-லயும் இருந்தாங்க, யார் எந்த மூட்ல இருந்தப்ப வந்த புக்கோ தெரியல.

சரி, மாத்திடலாம்தானேன்னு கேக்காதீங்க. லேபிள உரிக்கணும், உரிச்சா காலிகோ, அதான் அட்டை மேல ஒட்டின துணி, கூடவே வரும், டைட்டில் பேஜ் பின்பக்கம் பென்சில்ல எழுதின நம்பர அழிக்கணும், புக் கார்டு, அக்சஷன் ரெஜிஸ்டர் (வந்த புக்ஸ வரிசையா பதியற நோட்டு), லைப்ரரி சாஃப்ட்வேர் கோஹால ஐட்டம் ரெக்கார்டு எல்லாத்துலயும் திருத்தணும், அப்புறம் ரேக்குல இடம் பண்ண மத்த புக்ஸ நகத்தணும். ஒட்டறதுக்கு முன்னாடி "இது யார் எழுதினது, யாரப் பத்தினது"ன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்தா இவ்வளவும் மிச்சம்.

கோலன்னு இன்னொரு நம்பர் முறை இருக்கு, அதுல இந்த தொல்லையே இல்ல. சீர்காழில பிறந்த ரங்கநாதன் 1933-ல அத வெளியிட்டப்பவே எழுத்தாளர் பிறந்த வருஷத்த நம்பருக்குள்ளயே வச்சிட்டார். ஓ-ன்னா இலக்கியம், 31 தமிழ், 2 நாடகம், எம்-ன்னா 1800-கள். ஆக ஓ31,2எம்73-ன்னா 1873-ல பிறந்த தமிழ் நாடக ஆசிரியர், அதோட கோலன் புள்ளி வச்சு ஜி போட்டா அவரப் பத்தின விமர்சனம். ஷேக்ஸ்பியர் ஓ111,2ஜே64 (111 இங்கிலீஷ், ஜே-ன்னா 1500-கள்). அவரப் பத்தின புக் அவர விட்டு ஓடவே முடியாது. டியூவில இந்த சொகுசு ஷேக்ஸ்பியருக்கு மட்டும் கிடைச்சிருக்கு, 822.33-ங்கறது முழுசா அவருக்கே, உள்ள ஒவ்வொரு நாடகத்துக்கும் ஜோடி நம்பர், முதல்ல மூலம், அடுத்தது அதப்பத்தின விமர்சனம். மத்தவங்களுக்கெல்லாம் நம்ம லேபிள்தான் கதி.

மொழிபெயர்ப்பையும் தழுவலையும் ஒண்ணாக்கறது

ஹாம்லெட்ட அப்படியே தமிழாக்கினா அது ஷேக்ஸ்பியரோட புக், மொழி தமிழா இருந்தாலும் 822.33-தான். (தமிழ் வாசகர் அங்க போய் தேடவே மாட்டார்னு சில லைப்ரரில தமிழ் பக்கமே வச்சிக்கறாங்க, அது அவங்க முடிவு, எழுதி வச்சிருந்தா சரி.) ஆனா பம்மலோட 'அமலாதித்யன்' தழுவல், பேரெல்லாம் மாறி, இந்த மண்ணுக்கு ஏத்த மாதிரி திரும்ப எழுதினது, அது அவர் நாடகமாவே 894.8112-க்கு வரட்டும், ஷேக்ஸ்பியர் பேர்ல கேட்டலாக்ல கூடுதலா ஒரு என்ட்ரி போட்டுடுங்க. சந்தேகமா இருந்தா 'மனோன்மணீயம்' ஞாபகம் வச்சுக்கங்க, லிட்டனோட ஒரு ஆங்கிலக் கதைய வச்சு சுந்தரம் பிள்ளை 1891-ல எழுதினது, அத யாராவது இங்கிலீஷ் ரேக்குல வைப்பாங்களா?

100-லயும் 600-லயும் மாத்தி போடறது

கோஹால எழுதினவர் பேர் 100-ங்கற கட்டத்துல, யாரப் பத்தின புக்கோ அவர் பேர் 600-ங்கற கட்டத்துல. தன்வரலாறுன்னா ரெண்டுலயும்.

பேர ஆளுக்கு ஒரு மாதிரி அடிக்கறது

பம்மல் சம்பந்த முதலியார், ப. சம்பந்த முதலியார், சம்பந்தம் முதலியார், இப்படி மூணு வச்சிருந்தா மூணு ஆளு. ஒண்ண முடிவு பண்ணி மத்ததுல இருந்து அந்த பேருக்கு "பார்க்க"ன்னு குறிப்பு குடுங்க. "முதலியார்"ங்கறதுல மட்டும் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

சினிமாவ நாடகத்தோட சேக்கறது

'மனோகரா' நாடகம் பம்மலோடது. 1954-ல வந்த படத்துக்கு வசனம் கருணாநிதி. பட வசனம் புக்கா வந்தா 791.43 பக்கம் போகும், "சம்" ரேக்குக்கு இல்ல.

பெரிய சைஸ் புக்க கீழ் தட்டுக்கு அனுப்பிட்டு மறந்துடறது

அனுப்புங்க, ஆனா அது இருக்க வேண்டிய இடத்துல ஒரு டம்மி அட்டை வைங்க.