கொப்புளிப்பான் தழும்பு விழாமல் தோலைப் பார்ப்பது எப்படி?

வன்னியில் ஒரு வீட்டில் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறும், மச்சம் சமைப்பது நிற்கும், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைப்பார்கள். இதில் எதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. வேப்பிலையைக் கண்டு அயலவர்கள் படலையோடு திரும்பிப் போவது நல்லதுதான், இது காற்றாலும் தொற்றும் வருத்தம். ஆனால் தழும்பு விழுவதும் விழாததும் பெரும்பாலும் நகத்திலும் அழுக்கிலும்தான் இருக்கிறது.

கொப்புளம் தோலின் மேற்படையில்தான் வருகிறது. தானாகக் காய்ந்து, அயறு கட்டி, தானாக விழுந்தால் அநேகமாகக் குழி விழாது. சொறிந்து உடைத்து, நகத்தில் இருக்கும் கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடித்தால்தான் புண் ஆழமாகிப் பள்ளம் விழுகிறது.

முதல் வேலை: நகம்

முதல் கொப்புளத்தைக் கண்ட அன்றே பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெட்டின நகம் கூராக நிற்கும், அதனால் நகவெட்டியில் இருக்கும் அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, உங்கள் கன்னத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கீறினால் இன்னும் தேய்க்க வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டு அடிக்கடி கழுவிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் நித்திரையில்தான் கூடச் சொறிவார்கள், இரவில் கைக்குச் சுத்தமான பருத்திக் காலுறை போட்டுவிடலாம்.

இரண்டாவது: குளிப்பு

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். முழுக வார்க்கும் நாள் வரைக்கும் தண்ணீரே படக்கூடாது என்று அம்மம்மா நிற்பா. வியர்வையும் அழுக்கும் கொப்புளத்தில் ஊறுவதுதான் கெடுதல், குளிப்பதால் ஒன்றும் ஆகாது. தகரக் கூரை வீட்டில் மத்தியான வெக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அம்மம்மா விடவே மாட்டா என்றால் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் வாருங்கள், அவவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி.

இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வாசனை கூடிய சவர்க்காரம் வேண்டாம், பீர்க்கங்கூடும் வேண்டாம். துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். அந்தத் துவாயை வேறு யாரும் பாவிக்கக் கூடாது. வேப்பங்குழையால் உடம்பைத் தடவும் பழக்கம் இருந்தால் அதில் மட்டும் கவனம்: இலையின் பல்லுப் பல்லான ஓரம் கொப்புளத்தைக் கிழித்துவிடும். அம்மியில் அரைத்த மஞ்சளை உடைந்த புண்ணில் பூசுவதையும் விட்டுவிடுங்கள், அம்மியில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது: கடியை (அரிப்பை) குறைப்பது

கடித்தால் பிள்ளை சொறியத்தான் செய்யும், "சொறியாதே" என்று கத்திப் பிரயோசனம் இல்லை. கலமைன் லோஷன் போத்தலை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் தொட்டு ஒற்றிவிடுங்கள். கண்ணிலும் வாய்க்குள்ளும் படக்கூடாது. தளர்ந்த பருத்தி உடுப்பு, காற்றுப் படும் இடம், இவை பாதிக் கடியைக் குறைக்கும். இரவில் நித்திரை இல்லையென்றால் பிரிட்டோன் (Piriton) போன்ற கடி குறைக்கும் மருந்தை வைத்தியரிடம் அளவு கேட்டுக் கொடுக்கலாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும், அதையும் நிறைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு. இபுபுரோஃபெனும் இந்த வருத்தத்தில் தோலில் கடும் தொற்று வரக் காரணமாகலாம், தவிர்த்துவிடுங்கள்.

நான்காவது: அயறில் கை வைக்காதீர்கள்

5 முதல் 7 நாளில் எல்லாக் கொப்புளமும் அயறு கட்டிவிடும். அதுவரைக்கும் மற்றவர்களுக்குத் தொற்றும், பள்ளிக்கூடம் வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அந்த வீட்டுப் பக்கம் வரவே கூடாது. அயறு விழ மேலும் ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். ஓரம் கிளம்பித் தொங்கினாலும் பிய்க்காதீர்கள், அடியில் புதுத் தோல் இன்னும் மூடியிருக்காது. காய்ந்து இறுகிக் கடித்தால் மெல்லிசாக வாசலின் பூசலாம்.

கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், தொடச் சுட்டால், சீழ் வந்தால், விட்ட காய்ச்சல் திரும்பினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்குதல், ஓயாத சத்தி, தள்ளாடி நடத்தல், எழுப்ப முடியாத மயக்க நித்திரை என்றால் இரவென்றும் பார்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு வந்தால் கடுமை கூட. கொப்புளம் தொடங்கி 24 மணித்தியாலத்துக்குள் காட்டினால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்யும்.

அயறு விழுந்த பிறகு

கறுப்புப் புள்ளிகள் நிற்கும். அது தழும்பு இல்லை, நிறம் மட்டும்தான். மாதக் கணக்கில் எடுத்தாலும் மங்கிவிடும். வன்னி வெயில் அதை இன்னும் கறுக்க வைக்கும் என்பதால் பள்ளிக்கூடம் போகும்போது தொப்பியோ குடையோ கட்டாயம். தேசிக்காய்ப் புளி தேய்ப்பது தோலை எரித்து, வெயில் பட்டதும் நிறத்தைக் கூட்டிவிடும். கடையில் கேட்டு வாங்கும் வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட் இருக்கலாம், தோல் மெலிந்துபோகும். வாசலினோ தேங்காயெண்ணெயோ காலை மாலை பூசினால் போதும்.

தடித்து மேலே எழும்பும் தழும்புக்குச் சிலிக்கோன் ஜெல் உதவும். குழி விழுந்த இடத்துக்கு எந்தக் கிறீமும் பெரிதாக வேலை செய்யாது. சில மாதம் பொறுத்துப் பாருங்கள், குழி கொஞ்சம் தானாகவே மேலெழும்பும். அதற்குப் பிறகும் முகத்தில் உறுத்தினால் தோல் கிளினிக்கில் காட்டலாம்.