பேரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள்: நார்த்ஃபீல்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

"அக்கா, சும்மா பேர் கொடுத்து வச்சிருக்கேன். அன்னைக்குப் போக முடியலைன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

போன வாரம் பிரிட்ஜ் ஸ்கொயரில் வைத்து ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. செப்டம்பர் விழாவில் மூன்று இடங்களில் தன்னார்வலராகப் பேர் கொடுத்திருந்தான். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி" என்றேன். ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் சிக்கலே. அதை அவனை நிற்க வைத்து விளக்க நேரமில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய ஊர் நார்த்ஃபீல்டு. நடுவில் கேனன் ஆறு. 1866இல் தொடங்கிய கார்ல்டன் கல்லூரி ஒரு பக்கம், 1874இல் தொடங்கிய செயின்ட் ஓலாஃப் மறுபக்கம் குன்றின் மேல். மாணவர்களையும் சேர்த்து 20,000 பேருக்குக் கொஞ்சம் மேலே. பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு என்பது ஊரின் முழக்கம். காற்று சரியான பக்கம் வீசினால் மால்ட்-ஓ-மீல் ஆலையிலிருந்து வறுத்த தானிய வாசனை வரும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே 14 வருடங்களாக இருக்கிறேன். கணவருக்கு ஒரு கல்லூரியில் வேலை. எனக்கு ஊரே வேலை.

குளிருக்கு நாலு அடுக்கு உடுத்துங்கள், நேரத்துக்குப் போங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு ஜனவரி போனால் அது தானே புரியும். புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெஸ்ஸி ஜேம்ஸைப் புகழ்வது

அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு (செப்டம்பரின் முதல் திங்கள்) அடுத்து வரும் வார இறுதியில் ஊரின் பெரிய திருவிழா. பெயரிலேயே ஜெஸ்ஸி ஜேம்ஸ் இருப்பதால், முதல் வருடம் பக்கத்துவீட்டுப் பெரியவரிடம், "உங்கள் வீரரின் விழா பிரமாதம்" என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அது அவனுடைய தோல்வியின் விழா" என்றார்.

1876 செப்டம்பர் 7 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற பேர்போன கொள்ளைக்காரன் உட்பட எட்டுப் பேர் கொண்ட ஜேம்ஸ்-யங்கர் கும்பல் இங்கே ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தது. பொறுப்புக் காசாளராக இருந்த ஜோசப் லீ ஹேவுட் பெட்டகத்தைத் திறக்க மறுத்தார். சுட்டுக் கொன்றார்கள். தெருவில் இருந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார்கள். கும்பலில் இருவர் அங்கேயே விழுந்தார்கள். ஸ்வீடனிலிருந்து வந்திருந்த நிக்கோலஸ் குஸ்டாஃப்சன் என்பவரும் குண்டு பட்டுச் சில நாளில் இறந்தார். கும்பலுக்குக் கிடைத்தது 26.70 டாலர் என்று ஊரில் சொல்வார்கள். ஹேவுட் கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும்கூட. விழாவின்போது அவருடைய கல்லறையில் அஞ்சலி நடக்கும், நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். டிவிஷன் தெருவில் குதிரையும் புகையுமாகக் கொள்ளையை நடித்துக் காட்டுவதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முன்னால் கல்லறைக்குப் போய் வாருங்கள். விழா யாருக்கானது என்பது அங்கேதான் தெரியும்.

பேரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வருடம். விழாவில் ஓர் எலுமிச்சைச் சாறு கடை. பள்ளிப் பிள்ளைகளின் பயணச் செலவுக்காக ஓர் உள்ளூர்க் குழு நடத்தியது. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு பேர் என்று தாள் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை 12 முதல் 2 வரை என் பேரை எழுதினேன். அன்று காலையில் தூறல். மினியாபொலிஸிலிருந்து நாத்தனார் குடும்பம் வேறு வந்திருந்தது. தோசை ஊற்றிக்கொண்டே, "அவ்வளவு கூட்டத்தில் நான் ஒருத்தி போகாவிட்டால் என்ன, யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைத்தேன். போகவில்லை. போன்கூடப் பண்ணவில்லை.

சாயங்காலம் குழுவின் பொறுப்பாளரைத் தெருவில் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய அம்மா, முழங்காலில் பட்டை. சிரித்துக்கொண்டே, "இன்று நீ இல்லாதது தெரிந்தது. எப்படியோ சமாளித்துவிட்டோம்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நூல் விற்பனைக்கு உதவ வருவதாக எழுதினேன். "நன்றி, ஆள் போதுமான அளவு இருக்கிறார்கள்" என்று பதில். கோடையில் இன்னொன்று. அதே பதில். அடுத்த வருடமும் அப்படியே. ஆள் போதவில்லை என்று மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், எனக்கு மட்டும் போதும் என்று பதில் வந்தது. என் நிறத்தாலோ, உச்சரிப்பாலோ என்று மனம் போகாத இடமில்லை. இரண்டு வருடம் ஊரோடு மனத்துக்குள் சண்டை.

ஒரு பிப்ரவரியில் பனி வாரிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு என்னோடு நிற்க வேண்டிய இன்னொருவரும் வரவில்லையாம். அந்த அம்மா 12 மணியிலிருந்து 2 மணி வரை தனியாக நின்றிருக்கிறார். பணப்பெட்டியை விட்டு நகர முடியாது. கழிப்பறைக்குப் போக முடியவில்லை. கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் போயிருக்கிறார். கொள்ளை நாடகம் முடிந்து தாகத்தோடு கூட்டம் கலைந்தது சரியாக அந்த அரை மணி நேரத்தில்தான்.

எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். கோயில் கொடையில் யார் எங்கே நிற்பது என்று யாரும் தாள் போடுவதில்லை. பந்தி பரிமாற ஒருவன் வராவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் இறங்குவார்கள். வராதவனை மறுநாள் டீக்கடையில் வைத்துத் திட்டித் தீர்ப்பார்கள், அதோடு கணக்கு முடிந்தது. இங்கே தாளில் இரண்டு பேர் என்றால் இரண்டே பேர்தான். மூன்றாவது ஆள் கூட்டத்தில் இருந்தாலும், தன் பேர் இல்லாத கடைக்குள் நுழைவது அவருக்கு அதிகப்பிரசங்கித்தனம். திட்டும் கிடையாது. அடுத்த தாள் உங்களிடம் வராது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் நாற்காலி போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் சுற்றிச் சுற்றி அதே முகங்கள்தான். எலுமிச்சைக் கடை அம்மாவேதான் நூலகத்திலும் இருப்பார், தேவாலய விருந்திலும் இருப்பார். ஓரிடத்தில் கோட்டை விட்டால் ஐந்து இடத்தில் தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று இடத்தில் ஆசையாக இருந்தால் ஒன்றில் மட்டும் பேர் கொடுங்கள். முடியாது என்று முன்கூட்டிச் சொல்வதை இங்கே யாரும் தப்பாக எடுப்பதில்லை, இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். கடைசி நேரத்தில் காய்ச்சல் என்றால் போன் பண்ணுங்கள். குறுஞ்செய்தி போதாது, கடையில் நிற்கிறவர் போனைப் பார்க்க மாட்டார். உங்களுக்குப் பதிலாக ஒரு நண்பரை அனுப்ப முடிந்தால் அதைவிட மேல்.

ஏற்கெனவே கோட்டை விட்டவர்கள் என் வழியைப் பின்பற்றலாம். விழாவின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் முடிந்ததும் மேசை மடிக்க, குப்பை அள்ள ஆளே இருக்காது. அதற்குத் தாளும் கிடையாது. மூன்று வருடம் யாரும் கூப்பிடாமலே போய் அள்ளினேன். மூன்றாவது வருடம் அந்த அம்மா என் கையில் ஒரு பணப்பெட்டியைக் கொடுத்து, "நாளை இதை வங்கியில் கட்டிவிடுகிறாயா?" என்றார். அன்று அழுதேன், வீட்டுக்கு வந்துதான்.

இத்தனையும் தெரிந்த பிறகும் எனக்கு எரிச்சல் வருகிறது. போன வருடம் நாலு மாணவர்கள் சேர்ந்து பேர் கொடுத்தார்கள். தன்னார்வ மணிக்கணக்கை விண்ணப்பத்தில் காட்டலாம் என்று. நாலு பேரும் வரவில்லை. இப்போது பெட்டியோடு நின்றது நான். மறுநாள் அவர்களில் ஒரு பெண்ணைக் கடையில் பார்த்தேன். திட்ட வாயெடுத்தேன். வந்தது, "நேற்று நீ இல்லாதது தெரிந்தது" என்பது. ஊர் என்னையும் மாற்றிவிட்டது.

சம்பளம் இல்லையென்றால் வேலையில்லை என்று நினைப்பது

எச்-4 விசாவில் (இங்கே வேலைக்கு வந்தவரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கும் விசா) இருந்த நாட்களில் ஒரு கடைக்காரர், "கிறிஸ்துமஸ் நெரிசலில் சனிக்கிழமை கல்லாவில் கொஞ்சம் உதவுங்கள், பரிசு அட்டை தருகிறேன்" என்றார். வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று தலையாட்டிவிட்டேன். நல்லவேளை, போவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் தடுத்தார்.

லாபம் பார்க்கும் கடையில் "தன்னார்வலர்" என்ற ஒரு நிலையே கிடையாது, தொழிலாளர் சட்டம் அதை ஒத்துக்கொள்ளாது. வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் குடிவரவுத் துறையின் கண்ணில் அது வேலைதான். பரிசு அட்டையும் கூலிதான். வேலை அனுமதி இல்லாத எச்-4 ஆட்களும், எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களும் இதில் வழுக்குகிறார்கள். அறநிறுவனத்தில், யாருமே சம்பளம் வாங்காத வேலையில், உணவு அடுக்குவது, செடி நடுவது, மேசை போடுவது எல்லாம் சரி. அதே அறநிறுவனத்தில் சம்பளம் வாங்கும் கணக்காளரின் இடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். என்னைப் போன்ற அக்காக்களிடம் கேட்காதீர்கள்.

கல்லூரிக்குள் நுழையத் தயங்குவது

மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்து மூன்று வருடத்தைத் தொலைத்தேன். கச்சேரிகளில் பெரும்பாலானவை இலவசம், எல்லோருக்கும். கார்ல்டனின் குட்செல் வானாய்வகத்தில் மாதத்தின் முதல் வெள்ளி இரவு, வானம் தெளிவாக இருந்தால் பழைய தொலைநோக்கி வழியே யாரும் பார்க்கலாம். சனியின் வளையத்தை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். தொப்பியை மறக்காதீர்கள், கூரை திறந்திருக்கும். செயின்ட் ஓலாஃபின் கிறிஸ்துமஸ் விழா மட்டும் விதிவிலக்கு. 1912இல் எஃப். மீலியஸ் கிறிஸ்டியான்சன் தொடங்கியது, சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு.

காட்டில் அரைக்கால் சட்டை

உண்ணி. முழங்கால்வரை காலுறை.

ஃபுட் ஷெல்ஃபுக்கு அலமாரியைக் காலி செய்வது

இலவச உணவுக்கூடத்தை மினசோட்டாவில் ஃபுட் ஷெல்ஃப் என்பார்கள். வீடு மாறும்போது காலாவதியான துவரம்பருப்பையும் பாதி தீர்ந்த பெருங்காயத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதைப் பிரித்துக் குப்பையில் போட ஒரு தன்னார்வலரின் காலைப் பொழுது போகிறது. உங்கள் வீட்டில் நீங்களே சமைக்கத் தயங்குவதைக் கொடுக்காதீர்கள். பத்து டாலர் பணமாகக் கொடுத்தால், உணவு வங்கியிலிருந்து குறைந்த விலையில் அவர்கள் அதைவிட நிறைய வாங்கிக்கொள்வார்கள்.

டிசம்பரை மறப்பது

கார்ல்டனில் வருடத்துக்குப் பத்து பத்து வாரமாக மூன்று பருவம். நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாளுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் ஜனவரியில்தான் திரும்புவார்கள். செப்டம்பரில் பேர் கொடுக்க வரிசை நிற்கும், டிசம்பரில் கை தேவைப்படும்போது பாதி ஊர் காலி. ஒரே ஒரு மாதம்தான் நேரம் இருக்கிறது என்றால் அது டிசம்பராக இருக்கட்டும்.

வீட்டுச் சட்னியை விற்பது

கூடாது. ஆளுக்கொன்று சமைத்து வந்து சேர்ந்து சாப்பிடும் பாட்லக் வேறு, மேசை போட்டு விற்பது வேறு. விற்க மாநில விவசாயத் துறையில் பதிய வேண்டும், கெட்டுப்போகும் பண்டத்துக்கு அந்தப் பதிவும் உதவாது.

பாட்லக்குக்கு எடுத்துப் போனாலும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். முந்திரி இருந்தால் பெரிய எழுத்தில்.

"தட்ஸ் டிஃபரன்ட்" என்பதைப் பாராட்டாக எடுப்பது

என் வத்தக்குழம்பை ஒருவர் அப்படிச் சொன்னார். அடுத்த மாதமும் அதையே செய்து கொண்டுபோனேன். பாத்திரம் போனபடியே திரும்பி வந்தது. "நாட் டூ பேட்" என்றால்தான் இங்கே விருது. எலுமிச்சைச் சாதத்துக்குக் கிடைத்தது.

கிளம்புகிறேன் என்றதும் கிளம்புவது

வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் பேச வேண்டும். இது மட்டும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லூட்டஃபிஸ்க்

சோடா போன்ற காரக் கரைசலில் (மிளகாய்க் காரம் அல்ல) ஊறவைத்த நார்வே கருவாடு. கொழகொழவென்று இருக்கும். ஒரு தடவை சாப்பிடுங்கள், பக்கத்தில் நிற்கிற பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை உங்கள் இஷ்டம்.