பதிவு பாதியில் நின்றது: கார்டை மாற்றித் தீர்த்தேன்

கல்யாணப் படப்பிடிப்புகளில் கேமரா திடீர் திடீரெனப் பதிவை நிறுத்திக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டபோது காரணம் பிடிபட்டது. 4கே காட்சியை விநாடிக்கு 400 மெகாபிட்டில் பதிந்தால், மெமரி கார்டு விநாடிக்கு 50 மெகாபைட் எழுத வேண்டும் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). நான் வைத்திருந்த வி30 வேக வகைக் கார்டு உறுதியளிப்பதோ 30 மெகாபைட்தான். 60 மெகாபைட் உறுதியளிக்கும் வி60 கார்டுக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது இடப் பிரச்சினை. அந்த வேகத்தில் மணிக்கு 180 ஜிபி! நாள் முழுவதும் நீளும் கல்யாணத்துக்கு இது கட்டுப்படியாகாது. நீண்ட சடங்குகளை இப்போது 100 மெகாபிட்டில் பதிகிறேன்; மணிக்கு 45 ஜிபி போதும். வண்ணத் திருத்தம் அதிகம் தேவைப்படும் காட்சிகளுக்கு மட்டும் 400.

தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்திருக்கிறேன், இரண்டும் வி60. இதில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண்டபத்திலேயே ஒரு எஸ்எஸ்டியிலும், வீட்டுக்கு வந்ததும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் நகல் எடுக்கிறேன். வெறுமனே இழுத்துப் போடுவதில்லை. செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், அதை ஒப்பிட்டு நகலைச் சரிபார்க்கும் மென்பொருள்தான். கூடுதல் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இரண்டு நகல்களும் சரி என்று உறுதியான பிறகே கார்டை அழிக்கிறேன், அதையும் கேமராவிலேயே செய்கிறேன்.